கேனன் ஆர்50-ஆ, சோனி இசட்வி-இ10-ஆ? முதல் மிரர்லெஸ் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய இந்த மிரர்லெஸ் கேமராக்கள் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. கேனன் ஆர்50 என்னுடையது, சோனி இசட்வி-இ10 மச்சானுடையது. இரண்டும் சொந்தக் காசில் வாங்கியவை. விசேஷம் வந்தால் மாற்றி மாற்றி எடுப்போம், பிறகு இரண்டு நாள் சண்டை போடுவோம். தெரிந்தவர்கள் போனில் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

அதிகம் படிக்க நேரமில்லை. எது வாங்கட்டும்?

படம் எடுக்க என்றால் கேனன். கேமராவை எதிரே வைத்துப் பேச என்றால் சோனி.

"இரண்டுக்கும்தான்" என்பீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் உங்கள் போனில் எடுத்ததைப் புரட்டிப் பாருங்கள். படம் எத்தனை, வீடியோ எத்தனை என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டும் 24 மெகாபிக்சல்தானே, படத்தில் வித்தியாசம் தெரியுமா?

இரண்டுமே 24.2. ஒளியைப் பதியும் சென்சாரும் ஏபிஎஸ்-சி என்ற அளவுதான். சோனியில் 23.5 × 15.6 மி.மீ., கேனனில் 22.3 × 14.9 மி.மீ., அதாவது ஒரு நூல் சின்னது. ஆல்பத்தில் போட்ட பிறகு எது எந்தக் கேமரா என்று எங்களுக்கே தெரிவதில்லை.

நிறத்தில் மட்டும் எனக்கு ஒரு சாய்வு உண்டு. நலங்கில் மஞ்சள் பூசிய முகத்தை மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால், வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ வெள்ளைச் சமநிலையில் கேனனின் ஜேபெக் அப்படியே கொடுக்கலாம் போல வருகிறது, சோனியில் கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கிறது. ரா (RAW) என்ற மூலக் கோப்பாக எடுத்துக் கணினியில் திருத்துபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

சோனியில் வ்யூஃபைண்டர் இல்லையாமே. அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். சோனியில் கண்ணை வைத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது, பின்பக்கத் திரை மட்டும்தான். கேனனில் 23.6 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு சின்ன ஓஎல்இடி வ்யூஃபைண்டர் இருக்கிறது. பெரிது என்று சொல்ல முடியாது, கண்ணாடி போட்டவர்களுக்கு ஓரம் சரியாகத் தெரியாது. ஆனாலும் இருக்கிறது.

அதன் அருமை உச்சி வெயிலில்தான் தெரியும். ஊரில் தேர் இழுத்த அன்று மணி பன்னிரண்டு இருக்கும். மச்சான் சோனித் திரையில் தேரைத் தேடிக்கொண்டிருந்தான். திரையில் தெரிந்தது அவன் முகமும் பின்னால் இருந்த வானமும்தான். கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையையும் கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவாரே, அதே காட்சி. சுற்றி நின்ற பிள்ளைகள் தேரை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

திரையின் வெளிச்ச அமைப்பில் வெயிலுக்கென்று ஒரு நிலை இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். அதைப் போட்டால் ஓரளவு பரவாயில்லை, பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும்.

இன்னொன்று, கேமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தால் கை அசைவதும் குறையும். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வீடியோ எடுப்பவர் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம்.

சோனியில் 4கே எடுத்தால் ஓரம் வெட்டுப்படுமாமே?

நொடிக்கு 30 பிரேமில் எடுத்தால் வெட்டுப்படும், ஏறத்தாழ 1.23 மடங்கு. லென்ஸை அகலமான 16 மி.மீ.யில் வைத்திருந்தாலும், கொஞ்சம் கிட்டே இழுத்த 20 மி.மீ. போலத் தெரியும். உட்கார்ந்து பேசுபவருக்குத் தலைக்கு மேலே இருந்த இடம் காணாமல் போகும்.

யூடியூபில் இதைப் பெரிய குறையாகச் சொல்பவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே என்டிஎஸ்சி என்ற வீடியோ முறை, அதனால் 30 பிரேம் வழக்கம். நமக்கு பால் (PAL) முறை. கேமராவைப் பாலுக்கு மாற்றி 4கே 25 பிரேமில் எடுங்கள், சோனி சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தும். 6கே அளவுக்குத் தகவலைப் படித்து அதை 4கே-வாகச் சுருக்குவதால் படமும் துல்லியமாக இருக்கும். வீட்டு விசேஷத்துக்கு 25-க்கும் 30-க்கும் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கேனனில் இந்தத் தொல்லையே இல்லை. அதுவும் 6கே-யிலிருந்து சுருக்கித்தான் 4கே தருகிறது, 30 பிரேம் வரை முழு அகலம்.

இரண்டிலும் 4கே-யில் 60 பிரேம் கிடையாது. ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் ஃபுல் எச்டிக்கு இறங்கி 120 பிரேமில் எடுக்க வேண்டும், பால் முறையில் அது 100.

மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புக் கோடு மேலும் கீழும் ஓடுகிறது. கேமரா பழுதா?

இல்லை. ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம், அதாவது ஷட்டர் வேகம்தான் பிரச்சினை.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60 வைத்தால் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக விழும், அந்த அரைகுறைதான் கோடாகத் தெரிகிறது.

ஆக, பால், 25 பிரேம், ஷட்டர் 1/50. மேடையின் சீரியல் விளக்கும் பின்னால் வைக்கிற எல்இடி திரையும் வேறு கணக்கில் துடிக்கும். அவற்றை முழுதாக அடக்க முடியாது, இடம் மாறி நிற்க வேண்டியதுதான்.

நடந்துகொண்டே பேசி எடுத்தால் ஆடாமல் வருமா?

ஆடும். இரண்டிலும் சென்சாரை அசைத்து ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி கிடையாது. கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன், அதாவது ஆட்டம் குறைக்கும் வசதி, நின்று எடுக்கப் போதும், நடக்கப் போதாது.

சோனியில் 'ஆக்டிவ்' என்று ஒரு நிலை இருக்கிறது. ஆட்டம் குறையும், ஆனால் படத்தை 1.44 மடங்கு வெட்டிவிடும். கிட் லென்ஸின் 16 மி.மீ. என்பது பழைய பிலிம் கணக்கில் 24 மி.மீ. மாதிரி. வெட்டிய பிறகு 35 மி.மீ. மாதிரி ஆகிவிடும். கையை முழுசாக நீட்டிப் பிடித்தாலும் சட்டம் முழுக்க உங்கள் முகம்தான், பின்னால் கோயிலா கடையா என்றே தெரியாது. கேனனின் டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனும் வெட்டத்தான் செய்யும். போதாததற்கு அதன் கிட் லென்ஸ் 18-இல் தொடங்குகிறது, பிலிம் கணக்கில் 29.

சும்மா நடந்து பேச இப்போதுள்ள நல்ல போன்களே இந்த இரண்டையும்விட நன்றாக எடுக்கும். கேமரா விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

மைக் எப்படி?

இந்த விஷயத்தில் சோனிதான். மேலேயே மூன்று மைக், காற்றுச் சத்தத்துக்குப் போட ஒரு பஞ்சுத் தொப்பி பெட்டியோடு வருகிறது. மைக் சொருகும் துளையோடு ஹெட்போன் துளையும் உண்டு. கேனனில் மைக்குக்குத் துளை இருக்கிறது, ஹெட்போனுக்கு இல்லை.

அது என்ன பெரிய விஷயம் என்று நானும் நினைத்தேன். எங்கள் பெரியம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. அவர் கல்யாணமாகி வண்டி கட்டி வந்த கதையை ஒருநாள் உட்கார வைத்துச் சொல்ல வைத்தோம். சேலையில் வயர்லெஸ் மைக்கைக் குத்தி, ரிசீவரைக் கேனனில் சொருகி, நாற்பது நிமிடம் எடுத்தேன். பெரியம்மா அழுதார், சிரித்தார், பாட்டுக்கூடப் பாடினார். வீட்டுக்கு வந்து போட்டால் வெறும் இரைச்சல். ரிசீவர் வயரை முழுசாக அழுத்திச் சொருகவில்லை, தப்பு என் மேல்தான். ஆனால் ஹெட்போன் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். திரையில் ஒலி அளவு காட்டும் கோடு ஆடிக்கொண்டேதான் இருந்தது. சத்தம் வருகிறது என்று அது சொல்லும், என்ன சத்தம் என்று சொல்லாது.

மறுபடி எடுத்தோம். இரண்டாம் தடவை பெரியம்மா பாடவில்லை.

இப்போது கேனனில் எடுத்தாலும் பத்து நொடி எடுத்து, நிறுத்தி, கேமராவிலேயே போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பேட்டி, சமையல், பாடம் நடத்துவது என்று பேச்சே பிரதானமான வேலை என்றால் சோனியை வாங்குங்கள்.

லென்ஸ் எதற்கு அதிகம் கிடைக்கும்?

சோனிக்கு. லென்ஸ் மாட்டும் அதன் இ-மவுன்ட் 2010-இலிருந்து இருக்கிறது, வெளிக் கம்பெனிகளும் தாராளமாக லென்ஸ் செய்கிறார்கள். சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. எஃப் 1.4 (இந்த எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் வரும்) லென்ஸ்கள் பல வருடமாகச் சந்தையில் இருப்பதால் பழையதும் நல்ல விலைக்குக் கிடைக்கும்.

கேனன் ஆர்எஃப் மவுன்ட்டை நெடுநாள் பூட்டியே வைத்திருந்தது. ஆர்50 வந்த 2023-இல் இது நியாயமான குற்றச்சாட்டு, நானும் இதைச் சொல்லி நிறையப் பேரைச் சோனி பக்கம் அனுப்பியிருக்கிறேன். 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு ஆர்எஃப் லென்ஸ் செய்யக் கதவு திறந்தது. சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப் 2.8 அந்த வருடமே வந்தது, அடுத்தடுத்து எஃப் 1.4 லென்ஸ்களும் வந்துவிட்டன. எண்ணிக்கையில் இன்னும் சோனிதான் முன்னே, ஆனால் பழைய பள்ளம் இப்போது இல்லை.

கிட் லென்ஸே போதாதா?

பகலில் போதும். மண்டபத்துக்குள்ளும் கோயில் பிரகாரத்திலும் திணறும்.

கேனன் கிட் லென்ஸை 45 மி.மீ.க்கு இழுத்தால் துவாரம் எஃப் 6.3 வரைதான் திறக்கும். கேனனின் மலிவான லென்ஸ்களில் ஒன்றான ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8-ஐப் போட்டால் அதைவிட 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். என் அக்கா பேத்தி காதுகுத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மாமன் மடியில் குழந்தை, ஒற்றை ட்யூப்லைட். கிட் லென்ஸில் 1/100-க்கு ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ 12800 வரை ஏறியது, தலைமுடியெல்லாம் மணல் தூவியது போல வந்தது. 50-ஐ மாட்டியதும் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 1000 போதுமானதாக இருந்தது. ஆசாரி ஊசியை எடுக்கும்போது குழந்தையின் கீழ் உதடு பிதுங்கியதுகூட விழுந்திருக்கிறது. அந்த லென்ஸ் 160 கிராம்தான், மாட்டியிருப்பதே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஏபிஎஸ்-சியில் 50 என்பது 80 மி.மீ. போல ஆகிவிடும். சின்ன அறையில் சுவரில் முதுகு ஒட்டும் வரை பின்னால் போனாலும் நாலு பேருக்கு மேல் அடங்காது. குழுப் படத்துக்குக் கிட் லென்ஸ்தான்.

சோனியின் 16-50 கிட் லென்ஸ் எஃப் 5.6 வரை திறக்கும், ஓரளவு பரவாயில்லை. அதன் மோட்டார் ஜூம் வீடியோவுக்கு வழுவழுவென்று போகும். படம் எடுக்கும்போது எனக்கு அது எரிச்சல்தான். கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீண்டு தயாராக ஒரு நொடி காத்திருக்க வேண்டும்.

என்னிடம் பழைய கேனன் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் இருக்கின்றனவே?

அப்படியென்றால் கேனன்தான், யோசிக்கவே வேண்டாம். இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் ஒன்று வாங்கினால் உங்கள் 55-250-உம் பழைய 50-உம் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். என் 55-250 டிஎஸ்எல்ஆரில் இருந்ததைவிட ஆர்50-இல் சுறுசுறுப்பாக ஃபோகஸ் பிடிக்கிறது.

பேட்டரியையும் பாருங்கள். ஆர்50-க்கு எல்பி-இ17. வைத்திருப்பது 200டி என்றால் அதே பேட்டரிதான், ஒன்று மிச்சம். 1500டி என்றால் பொருந்தாது. அதேபோல பழைய சோனி ஏ6000 வைத்திருப்பவர்களின் பேட்டரி இசட்வி-இ10-க்கு அப்படியே போகும்.

ஃப்ளாஷ்?

கேனனில் மேலே சின்ன ஃப்ளாஷ் உள்ளேயே இருக்கிறது, சோனியில் இல்லை. ஆனால் வெளி ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஆர்50-இன் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் பழைய வகைத் தொடுபுள்ளிகள் கிடையாது. ஏற்கனவே இருக்கும் ஃப்ளாஷையோ ஸ்டுடியோ விளக்கை எரியவைக்கும் ட்ரிக்கரையோ மாட்ட ஏடி-இ1 என்ற அடாப்டர் தேவை. சோனியில் சாதாரண ட்ரிக்கர் நேராக வேலை செய்யும்.

வேடந்தாங்கலில் பறவை எடுக்கணும்.

கேனன். பறவையை அடையாளம் கண்டு கண்ணில் ஃபோகஸ் பிடிக்கும். நாய், பூனையும் தெரியும். இசட்வி-இ10-க்குப் பறவை தெரியாது. கேனன் நொடிக்கு 12 படம் எடுக்கும், எலக்ட்ரானிக் ஷட்டரில் 15. ஆனால் ராவில் வைத்திருந்தால் ஏழெட்டுப் படத்திலேயே மூச்சு வாங்கிவிடும், நாரை இறக்கையை விரிக்கும் நேரம் பார்த்துக் கேமரா கார்டில் எழுதிக்கொண்டிருக்கும். பறவைக்கு மட்டும் நான் ஜேபெக்குக்கு மாற்றிவிடுவேன்.

கேனனின் 55-210 மி.மீ. லென்ஸ் மரத்தில் இருக்கும் பறவைக்குப் பத்தாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் சூடாகி நின்றுவிடுமா?

4கே-யில் தொடர்ந்து எடுத்தால் இரண்டுமே நிற்கலாம். நம் சித்திரை வெயிலில் வேறென்ன செய்யும்? சோனியில் தானாக அணையும் வெப்பநிலை என்ற அமைப்பு இருக்கிறது, அதை 'ஹை' ஆக்குங்கள். திரையைக் கேமராவை விட்டு வெளியே திருப்பி வைத்தால் பின்பக்கச் சூடு கொஞ்சம் வெளியேறும். நிழல் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கேனனில் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம்தான் பதிவாகும், மறுபடி அழுத்த வேண்டும். ஆண்டுவிழா, அரங்கேற்றம் எடுப்பவர்கள் மறந்துவிடாதீர்கள்.

கடையில் ஆர்100, ஆர்50 வி, இசட்வி-இ10 இரண்டு என்றெல்லாம் காட்டுகிறார்கள்.

ஆர்100 விலை குறைவு. திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. போனில் பழகிய கைக்கு முதல் நாளே அலுத்துவிடும்.

ஆர்50 வி என்பது பெயரில் மட்டும்தான் ஆர்50, அதில் வ்யூஃபைண்டர் கிடையாது. பெட்டியில் அந்த 'வி' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2024-இல் வந்த இசட்வி-இ10 இரண்டு நல்ல கேமரா. 4கே 60 பிரேம், பெரிய பேட்டரி எல்லாம் உண்டு, விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். நிக்கான் இசட்30-ஐயும் கேட்கிறார்கள். பிடிக்க இந்த இரண்டையும்விட வாகானது, அதிலும் வ்யூஃபைண்டர் இல்லை.

பில் இல்லாமல் ஐந்தாயிரம் குறைத்துத் தருகிறார்களே?

கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் ஒரு பங்கைக் காட்டித்தான் இந்த ஆசையைத் தூண்டுகிறார்கள். பில் இல்லாவிட்டால் கம்பெனி வாரன்டி கேட்க வழியில்லை, "கடை வாரன்டி" என்று ஒரு சீட்டு தருவார்கள்.

நான் ஒருமுறை அப்படி வாங்கிய லென்ஸ் நாலாம் மாதம் ஃபோகஸ் மோட்டார் நின்றது. சீட்டோடு போனேன். "அனுப்பி வைக்கிறோம் சார்" என்றார்கள். ஏழு வாரம் கழித்து அதே பழுதோடு, கூடுதலாக ஒரு கீறலோடு வந்தது. கடைப் பெயர் எதற்கு, எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். பில் வாங்குங்கள், பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

கேமராவோடு வேறென்ன வாங்கணும்?

இன்னொரு பேட்டரி. கம்பெனிக் கணக்கில் திரையைப் பார்த்து எடுத்தால் இரண்டுமே 440 படம் என்கிறார்கள், வீடியோ எடுத்தால் அந்தக் கணக்கு எடுபடாது. கார்டு, வீடியோ வேகக் குறியான வி30 என்று போட்டது, 128 ஜிபி ஒன்று. வேகம் கூடிய யுஎச்எஸ்-2 கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், இரண்டு கேமராவும் யுஎச்எஸ்-1 வேகத்தில்தான் எழுதும்.

அப்புறம், காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவே முள் நிற்க வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் கேமரா வாங்கிய அன்றே இதையும் வாங்கிவிடுங்கள். தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டு அடுத்த பொங்கலுக்கு எடுத்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். மச்சானின் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது. ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மெதுவான தீயில் வறுத்து மறுபடி போடலாம் என்று அவனிடம் சொன்னேன். செய்தான், என் தங்கச்சி புதிதாக வாங்கியிருந்த நான்ஸ்டிக் வாணலியில். இப்போது அதற்கென்று தனியாக ஒரு பழைய இரும்புச் சட்டி வைத்திருக்கிறார்கள்.